கேமரா எப்படி இருந்தாலும் பரவாயில்லை

கீழ வீதி, சிதம்பரம்
புதன்கிழமை

சிரஞ்சீவி சிவபிரசாத்துக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியமாக இருக்கிறோம். நீ புனேயில் சௌக்கியம் என்று போனில் சொல்கிறாய், அதை நான் அவ்வளவாக நம்பவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். போனில் கேட்டால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய். நீ கேட்ட லேப்டாப் பெட்டியிலேயே எல்லாவற்றுக்கும் மேலாக இதை வைக்கிறேன், இதை எடுக்காமல் அதை எடுக்க முடியாது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, பச்சைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீதியைச் சுற்றி வருகிறார். சொட்டு மருந்து விட்டாயிற்று என்று என்னிடம் சொல்கிறார், நான் பாட்டிலைத் தூக்கி அளவு பார்த்துத்தான் நம்புகிறேன். பக்கத்து வீட்டு லலிதாம்பிகை உன்னை விசாரித்தாள்.

போன வெள்ளிக்கிழமை உன் பட்டியலை எடுத்துக்கொண்டு கடலூருக்குப் போனேன். திருப்பாப்புலியூரில் உன்னோடு படித்த ராஜவேல் கடையில்தான் வாங்க வேண்டும் என்று நீ சொல்லிவிட்டாய். உள்ளே நுழைந்ததுமே, நம்ம சிவாவுக்கு நான் பாத்துக்கறேன் நீங்க ஏம்மா அலையுறீங்க என்றான். நம்ம என்று ஆரம்பிக்கிறவர்களிடம் எனக்கு எப்போதுமே ஜாக்கிரதை ஜாஸ்தி. அறுபத்து நாலு ஜிபி ராம் என்று எழுதியிருந்தாய், கம்பெனியிலிருந்து வருவது முப்பத்திரண்டுதானாம், பின்மூடியைக் கழற்றி மாற்ற வேண்டுமாம். கழற்றுகிறேன் என்றதும் நாற்காலியை அவன் மேஜையோரம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். டீ சொல்லட்டுமா என்றான், வேண்டாம் என்றுவிட்டேன், டீ குடிக்கக் குனிகிற நேரம் போதும் ஒன்றை எடுத்து இன்னொன்றை வைக்க. கழற்றிய பழைய ராமைக் கவரில் போட்டு வாங்கிக்கொண்டேன், அதுவும் பெட்டியில் இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டு நீ கேட்டதுதானா, ஸ்டோரேஜ் இரண்டு டிபி இருக்கிறதா என்று ஆன் செய்து திரையில் காட்டச் சொல்லி, சீரியல் நம்பரைப் பில்லோடு ஒத்துப் பார்த்து என் நோட்டிலும் குறித்துக்கொண்டேன். தாலுக்கா ஆபீஸ்ல இருந்தீங்கன்னு சிவா சொல்லியிருக்கான்மா, இப்பதான் புரியுது என்று சிரித்தான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அந்தப் பிள்ளை மேல் ஒரு குற்றமும் இல்லை. அது தெரிந்த பிறகுதான் என் சந்தேகம் உன் பக்கம் திரும்பியது.

முப்பத்தொரு வருடம் ரேஷன் கார்டு மனுக்களைப் பார்த்தவள் நான். காரணம் என்று எழுதியிருப்பதைக் கடைசியில்தான் படிப்பேன், என்ன கேட்டிருக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன், வீட்டு நிலைமை அதிலேயே தெரிந்துவிடும். நீ சொன்ன காரணம் ஆபீஸ் வேலை. நீ கேட்டதோ பதினெட்டு அங்குலத் திரை. கையில் தூக்கிப் பார்த்தேன், அடாப்டரோடு ஒரு குழந்தை கனம். இதைத் தினமும் பையில் போட்டுக்கொண்டு போவானா என்று ராஜவேலைக் கேட்டேன். யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்கம்மா, மேசை மேல வச்சு அங்கயே ஒக்காந்து கேம் ஆடறதுக்குத்தான் இது என்றான். பேட்டரி எவ்வளவு நேரம் வரும் என்றால், இந்தக் கார்டு இழுக்கிற இழுவைக்கு ஒரு மணி நேரம் வந்தாலே பெருசும்மா, பிளக்கை விட்டு நகர முடியாது என்றான். கொஞ்சம் மெலிசாகக் கிடைக்காதா என்றேன், மெலிசானால் சூடு தாங்காது, ஒரு படி கீழே உள்ள கார்டுதான் வரும், சிவா அதை வேணாம்னுட்டான் என்றான். இதெல்லாம் போகட்டும், பட்டியலின் கடைசி வரியில் கேமரா எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில்தான் பட்டியலை மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். தினமும் நாலு மீட்டிங் என்று சொல்கிறவன் முகம் காட்டுகிற கேமரா எப்படியோ போகட்டும் என்பானா? தீபாவளிக்குப் பிறகு நீ எங்களிடமும் வீடியோவில் வரவே இல்லை, கேட்டால் நெட் சரியில்லை என்கிறாய், நெட் சரியில்லாத வீட்டில் இவ்வளவு பெரிய லேப்டாப் எதற்கு? அத்தனை பெரிய ஊரில் கடையா இல்லை, வெளியே போய் நாலு மனிதரைப் பார்த்து வாங்க உனக்கு மனம் வரவில்லை. உனக்கு வேலை போய்விட்டது சிவா. போய்ப் பல மாதம் ஆகியிருக்கும். அறைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறாய்.

நான் நினைப்பது தப்பாக இருந்தால் தாராளமாகக் கோபித்துக்கொள், இந்த ஒரு தடவை தப்பாக இருக்க வேண்டும் என்றுதான் நடராஜரிடம் நின்று கேட்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை, கண்ணில் தண்ணீர் விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பத்துப் பேருக்கு மேலதிகாரி என் பிள்ளை என்று லலிதாம்பிகையிடமும் வீதி முழுக்கவும் நான்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பெருமைக்குப் பயந்து நீ மறைத்திருந்தால் அது என் தப்பு, உன் தப்பு இல்லை. பயமாக இருக்கிறதடா. வேலை போனது பயமில்லை, நீ சாப்பிட்டாயா தூங்கினாயா என்று பார்க்க அங்கே ஒருவரும் இல்லையே, அதுதான் பயம்.

லேப்டாப்பில் நான் கைவைக்கவில்லை. மனுவில் காரணம் பொய்யாக இருந்தாலும் தேவை நிஜம் என்று தெரிந்தால் நான் பரிந்துரை செய்துதான் அனுப்புவேன், கேட்ட கார்டு, கேட்ட ராம், கேட்ட திரை எல்லாம் அப்படியே இருக்கிறது. விளையாடுவாயோ, அதை வைத்து வேறு ஏதாவது தொழில் பார்ப்பாயோ, எனக்குத் தெரியாது. மேலே மாட்டுகிற கேமரா ஒன்று நானாகத் தனியே வாங்கி வைத்திருக்கிறேன், இருப்பதிலேயே தெளிவாகத் தெரிவதைக் கொடு என்று கேட்டு வாங்கினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அதைப் போட்டுக்கொண்டு உட்கார். தாடி இருக்கட்டும், அறை குப்பையாக இருக்கட்டும். கேள்வி கேட்டே பழகியவள் அன்றைக்கு ஒன்றும் கேட்க மாட்டேன்.

முந்திரிப் பருப்பு அடியில் இருக்கிறது, வறுக்காமல் அப்படியே சாப்பிடலாம். ராத்திரி வெறும் வயிற்றோடு படுக்காதே. தில்லைக் காளி உனக்குத் துணை இருப்பாள், நீ தீர்க்காயுசாக, மனத்தில் பாரமில்லாமல் இருக்க வேண்டும்.

மறக்காமல் இன்னொன்று. இதுவரை எந்தப் பார்சல் என்றாலும் பகலில் வீட்டில் ஆள் இருக்காது என்று ஆபீஸ் முகவரிதான் கொடுப்பாய். இந்தத் தடவை வீட்டு முகவரி எழுதி, எந்நேரமும் ஆள் இருக்கும் என்றும் போட்டிருக்கிறாய். நல்லது. ஞாயிற்றுக்கிழமை உன் முகம் தெரியாவிட்டால் திங்கட்கிழமை நான் ரயில் ஏறிவிடுவேன். எந்நேரம் வந்து கதவைத் தட்டினாலும் நீ இருப்பாய் அல்லவா.

உன் அம்மா,
கு. தாட்சாயிணி