கருவிக்குப் பிடிபடாத குரல்

இன்று காலை புதிய காதுக் கருவியைப் பொருத்திக்கொண்டு திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் நின்றேன். பேருந்துகளின் உறுமல் அடங்கி, பக்கத்தில் பூ வாங்கிய பெண்ணின் குரல் தெளிவாக வந்தது. "ரெண்டு முழம் போதும்க்கா." சுற்றியுள்ள இரைச்சலைக் குறைத்துப் பேச்சை மட்டும் எடுத்துத் தரும் வசதி இது. நீ இருந்தவரை இதை நான் அணைத்தே வைத்திருந்தேன்.

நூற்பாலை வேலை என் காதைக் கெடுத்தது. ஓய்வு பெற்றபின் முதல் கருவி வாங்கினோம். அதே ஆண்டு, தைராய்டு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு உன் பேச்சில் பாதி காற்றாகிவிட்டது.

அடுத்த மூன்று மாதம் வீடு வீடாக இல்லை. மகன் பேசினால் எனக்குக் கேட்டது. நீ பேசினால் கேட்கவில்லை. நீ பேச்சைக் குறைத்துக்கொண்டதாக நான் நினைத்தேன். நான் வேண்டுமென்றே திரும்பாமல் இருப்பதாக நீ நினைத்தாய். ஒருநாள் சோற்றுத்தட்டை வைத்துவிட்டு என் முகத்துக்கு நேரே குனிந்தாய். "ஊரே பேசுறது கேக்குது. நான் பேசுனா மட்டும் கேக்கலையா?" அதை உன் உதட்டில்தான் படித்தேன்.

மறுநாள் இருவருமாகக் கருவி வாங்கிய கடைக்குப் போனோம். அங்கிருந்த பெண் உன்னைப் பேசச் சொல்லி, கணினியைப் பார்த்தாள்.

"அம்மா குரல்ல காத்து அதிகமா இருக்குங்கய்யா. ஃபேன் சத்தம்னு நெனச்சு மெஷின் அதையும் அமுக்கிருது."

அவள் அந்த வசதியை அணைத்ததும் மின்விசிறி, தெரு, ஹாரன் எல்லாம் ஒன்றாக உள்ளே பாய்ந்தன.

"இம்புட்டு சத்தத்தையும் தாங்குவீங்களா?" என்றாய். எனக்குக் கேட்டது.

ஆறு வருடம் தாங்கினேன். தியாகமெல்லாம் இல்லை. மிக்ஸி ஓடினால் வாசலுக்குப் போய்விடுவேன். சண்டையில் இரண்டுமுறை கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டிருக்கிறேன். அதற்கு நீ கொடுத்த தண்டனையும் நினைவிருக்கிறது. சத்தத்துக்கு நடுவே உன் முகத்தைப் பார்த்தால்தான் சொல் முழுதாகப் பிடிபடும். பார்த்துப் பார்த்தே கேட்டேன்.

நீ போய் ஒன்பது மாதம். பழைய கருவி பழுதாகி, இன்று அதே கடைக்குப் போனேன்.

"அம்மா வரலையாய்யா?"

சொன்னேன். அவள் புதுக் கருவியைக் கணினியோடு இணைத்தாள். பிறகு, "அப்ப வெளிச் சத்தத்தைக் கொறச்சு விட்டுரவாய்யா?" என்றாள்.

குறைத்துவிடச் சொன்னேன்.

நன்றாகத்தான் கேட்கிறது. ஆனால் யாராவது வாய் திறந்தால், கை வேலையை விட்டுவிட்டு முழுதாகத் திரும்பி அவர் முகத்தையே பார்க்கிறேன். மதியம் சாப்பிடும்போதும் அப்படித்தான். மருமகள் கூச்சத்தோடு சிரித்தாள்.

"உப்புப் போதுமான்னுதான் மாமா கேட்டேன்."