ட்ரோனுக்கு வைத்த பொட்டு

அன்பு மகன் நிஷாந்துக்கு அப்பா எழுதுவது. இங்கே மழையும் மூட்டமும் விட்டபாடில்லை, மற்றபடி எல்லோரும் நல்ல சுகம். கட்டார் வெயிலில் நீயும் சுகமாக இருக்க மாரியம்மாவைக் கும்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். இதைப் போனில் சொன்னால் பாதியிலேயே கத்த ஆரம்பித்து விடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், பக்கத்து வீட்டு ரமேஸ் படம் பிடித்து அனுப்புவான். ட்ரோன் விழுந்தது என்று கேட்டதுமே மதுஷாவை வேலையை விடச் சொன்னாயாம். உன் பெண்சாதி உன்னிடம் முழுக் கதையையும் சொல்லியிருக்க மாட்டாள்.

அவள் பதுளைக்குப் போய் ட்ரோன் ஓட்டப் படித்ததிலிருந்து அம்மா அவளிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை, அது உனக்குத் தெரியும். தேயிலைக் கொழுந்து எடுக்காமல் பெட்டியைப் பறக்கவிடுவது ஒரு வேலையா என்று முணுமுணுத்தபடியே இருந்தாள். ஆனால் நம் தோட்டத்தில் முதன்முதலாக ட்ரோனில் மருந்தடித்த அன்று, யாரும் கூப்பிடாமலே தாம்பாளத்தோடு மலை ஏறி வந்து நின்றாள். புது லொறிக்குச் செய்வதுபோலத் தேங்காய் உடைத்து, ட்ரோனின் முன்பக்கத்தில் சந்தனத்தைக் குழைத்துப் பெரிதாகப் பொட்டு வைத்தாள். மதுஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான். அம்மா பொட்டு வைத்தது அதன் கண்ணில் என்று எனக்கும் அம்மாவுக்கும் எங்கே தெரியும்? எதிரே மரம் இருந்தால் அந்தக் கண்தான் பார்த்து நிறுத்துமாம். மதுஷா துடைக்கத் துணியை எடுத்தாள், அம்மா முகத்தைப் பார்த்துவிட்டுத் துடைக்காமலே பறக்கவிட்டாள். அன்றைக்கு அது சவுக்கு மரத்தில் மோதி விழுந்தது. விழுந்த இடத்தில் ஆள் இல்லை, ஆனால் கீழ் ரோட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அப்போதுதான் கடந்து போயிருந்தார்கள்.

கொழும்பிலிருந்து இரண்டு பேர் வந்து ஆபீசில் விசாரணை வைத்தார்கள். காய்ந்த சந்தனத்தைக் காட்டி, பறக்கவிடும் முன் கண்ணாடியைத் துடைக்க வேண்டும் என்று தெரியாதா என்று கேட்டார்கள். தெரியும் சேர், தொடைக்கல, தப்பு என்னுதுதான் என்றாள் மதுஷா. யார் வைத்தது என்று கேட்டதற்கும் அம்மா பெயரை எடுக்காமல் அதையேதான் திருப்பிச் சொன்னாள். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். வாசலில் நின்ற அம்மா விறுவிறுவென்று உள்ளே போனாள். வச்சது நான்தாங்க தொரை, மாமியா ஆசையா வச்ச பொட்ட எந்த மருமகதான் அழிப்பா என்றாள்.

மதுஷாவைத் திரும்பப் பதுளைக்குப் பயிற்சிக்கு அனுப்பி, பிறகு வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். தப்பு அவளுடையதுதான், அதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் துடைக்கத் துணியை எடுத்த கை ஏன் நின்றது என்று யோசிக்கிறேன், எனக்கு அவள்மேல் கோபம் வரமாட்டேன் என்கிறது. இத்தனை வருசம் மருந்துத் தாங்கியை முதுகில் சுமந்து மலை மலையாக ஏறியவன் நான், அந்த எரிச்சல் இன்னும் முதுகில் இருக்கிறது. என் மருமகள் நிமிர்ந்து நின்று மருந்தடிக்கிறாள், அதை விடச் சொல்லாதே.

நேற்று மறுபடி பறக்கவிட்டாள். அம்மா தாம்பாளத்தோடுதான் வந்தாள். மதுஷாவின் நெற்றியில் பொட்டு வைத்துவிட்டு, முந்தானையால் ட்ரோனின் கண்ணைத் தானே துடைத்தாள்.

இரண்டு பேரும் உன் போனுக்காகக் காத்திருக்கிறார்கள். அதட்டாமல் பேசு, வேளைக்குச் சாப்பிடு. நீ நோய்நொடியில்லாமல் நல்லா இருக்க வேண்டும்.

உன் அப்பா,
வீரய்யா