நீ காதால் படித்த எரர் வரிகள்

இன்று காலை பள்ளி லேபில் உன் மேசையைத் துடைத்தேன். கீபோர்டை நகர்த்தியபோது பின்னால் கிடந்த மவுஸ் கையில் தட்டுப்பட்டது. இத்தனை வருஷமாகியும் அதன் அடியில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளை யாரும் உரிக்கவில்லை. கீபோர்டில் கீழ்நோக்கிய அம்புக்குறி மட்டும் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. பார்வையில்லாத உனக்கு மவுஸ் எதற்கு? "இந்த எலிய எடுத்துப் போடுடி, மேசையில எடத்த அடைச்சுக்கினு கீது" என்று நீயும் சொல்லிக்கொண்டே இருந்தாய். நான்தான் எடுக்கவில்லை. துணியும் கையுமாக அப்படியே உன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

மேசையைத் துடைக்கக் காரணம் இருந்தது. நீ போன பிறகு இரண்டு வருஷம் காலியாகக் கிடந்த அந்த இடத்துக்கு இன்று புது சார் வந்திருக்கிறார். நைனார்பாளையத்துக்காரர். வரலாறு எடுக்கிறார். அவருக்கும் பார்வையில்லை.

அவருக்கு ஆர்டர் வந்த அன்றே, லேபைப் பார்த்துக்கொள்ளும் என்னை ஹெச்.எம். கூப்பிட்டார். "அந்த கம்ப்யூட்டர் பேசலன்னா விடும்மா. படிச்சுக் காட்ட, எழுதிக் குடுக்க யாரையாவது போட்டுக்கலாம்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நீ இந்த மலைமேல் டீச்சராக வந்து சேர்ந்த புதிதில் அலுவலகத்தில் ஒருவர் இதையேதான் சொன்னார். "என் ரிஜிஸ்டர நான்தான் சார் போடுவேன். கொஸ்டின் பேப்பரயும் நானே அடிப்பேன். பத்து பேருகிட்ட சொல்லி அடிச்சா அப்புறம் பரீட்சை எதுக்கு?" என்று நீ கேட்டாய். ஓரத்தில் நின்ற நான் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினேன். நாம் சிநேகிதிகளானது அன்றுதான்.

நம் லேபில் இருந்ததெல்லாம் வயசான மெஷின்கள். அவற்றில் விண்டோஸ் நகராது, லினக்ஸ்தான் ஓடும், அதிலும் மெனுவையும் ஐகான்களையும் காட்டும் டெஸ்க்டாப் எடை குறைந்ததாக இருந்தால்தான் ஓடும். நமக்குக் கிடைத்த பதிப்பில் ஒரு கோளாறு. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் பாதியில் ஊமையாகிவிடும். மெனுவைத் திறந்தால் பேச்சு நின்றுவிடும். புதிய பதிப்பில் அதைச் சரிசெய்திருந்தார்கள், ஆனால் அது மூல நிரலாக மட்டுமே கிடைத்தது. தைத்த சட்டை வாங்காமல் துணி எடுத்து நம் அளவுக்குத் தைத்துக்கொள்வது போல, நாமே கம்பைல் செய்ய வேண்டும். "செய்யலாம், ஒரு வாரம் போதும்" என்று ஜம்பமாகச் சொன்னேன். நீ நம்பினாய்.

ஒரு வாரமா! அப்போது பள்ளியில் போன் சிக்னல்கூட ஒழுங்காகக் கிடையாது. நிரலுக்குத் துணையாக வேண்டிய ஃபைல் தொகுப்புகளில் அந்த லைப்ரரி இல்லை, இந்த லைப்ரரி இல்லை என்று எரர் வரும். பெயரை எழுதிக்கொண்டு சனிக்கிழமை பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி, பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு திரும்புவேன். போட்டால் அடுத்த எரர். அந்த வளைவுகளில் ஒவ்வொரு எரருக்கும் ஒரு முறை இறங்கி ஏறினேன். ஐந்தாவது முறை வாந்தியே எடுத்தேன்.

திரும்பி வந்து போட்டபோது ஆறாவது எரர், பேச்சு மென்பொருளை டெஸ்க்டாப்போடு இணைக்கும் பகுதியில் வந்தது. எனக்கு அலுத்துப்போயிருந்தது. கம்பைல் ஆரம்பிக்கும்போது எந்தெந்தப் பகுதி வேண்டும், வேண்டாம் என்று சொல்ல வழி உண்டு. நான் அந்தப் பகுதியை வேண்டாம் என்று போட்டேன். அவ்வளவுதான், ஒரு எரர் இல்லாமல் கடைசிவரை ஓடி முடிந்தது. திரையில் டெஸ்க்டாப் பளிச்சென்று வந்து நின்றது. "வந்துடுச்சுடி!" என்று கத்தினேன். உன் வகுப்பிலிருந்து உன்னைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

நீ ஹெட்செட்டை மாட்டி அம்புக்குறியை அழுத்தினாய். மறுபடியும் அழுத்தினாய்.

"இன்னாடி, சத்தத்தையே காணோம்?"

என்ன செய்துவைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. உறைத்த பிறகும் வாயில் பொய்தான் வந்தது. "ஸ்பீக்கர் செட்டிங்கா இருக்கும், பாக்கறேன்" என்றேன். நீ ஹெட்செட்டைக் கழற்றி வைத்தாய். பிறகு, கம்பைல் ஆகும்போது ஓடும் வரிகளையெல்லாம் சேர்த்து வைத்திருக்கும் லாக் ஃபைலை உன் போனில் ஏற்றித் தரச் சொன்னாய். ஆயிரக்கணக்கான வரிகள். இதையெல்லாம் யார் உட்கார்ந்து கேட்கப் போகிறார்கள் என்ற தைரியத்தில் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை ஊருக்குப் போனாய். திங்கட்கிழமை காலை பஸ்ஸைவிட்டு இறங்கியதும் பையைக்கூட வைக்காமல் கோலைத் தட்டிக்கொண்டு நேராக லேபுக்கு வந்தாய்.

"பஸ்ஸுல போய்க்கினே கேட்டேன். கச்சிராயபாளையம் வர்றதுக்குள்ள கெடைச்சுடுச்சு. பேச்சுக்கு 'நோ'ன்னு போட்டுக்கீது. யாருடி நோ போட்டது?"

"நான்தான்."

"யாருக்குடி பண்ண இத? உனுக்கா, எனுக்கா?"

"அஞ்சு தடவ மலை எறங்கி ஏறினேன்" என்று ஏதோ முனகினேன். "நானா ஏறச் சொன்னேன்? முடியலன்னா முடியலன்னு சொல்லு. ஆச்சுன்னு சொல்லாத" என்றாய். கண்ணீர் வழிந்தது உனக்கு. நீ அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். என் வாழ்க்கையில் நான் வெட்கப்பட்ட நாள் எது என்று யாராவது கேட்டால் அந்தத் திங்கட்கிழமையைத்தான் சொல்வேன்.

இரண்டு நாள் நீ என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மதியம் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு டப்பாவை என் பக்கம் தள்ளினாய். "தின்னுட்டு ஆரம்பிடி" என்றாய். அடுத்த சனிக்கிழமை மறுபடி இறங்கி, அந்தப் பகுதி கேட்ட லைப்ரரியைத் தேடி எடுத்து வந்தேன். பேச்சை 'வேண்டும்' என்று மாற்றிக் கம்பைல் போட்டேன். எரர் இல்லாமல் முடிந்தது. முடிந்தும் என்ன, டெஸ்க்டாப் அப்போதும் ஊமையாகவே இருந்தது! நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். நானே மாற்றியிருக்கிறேன், கண்ணால் பார்த்திருக்கிறேன், பிறகு ஏன் பேசவில்லை? நான் வழக்கம்போல லாக் ஃபைலின் கடைசிப் பத்து வரியைப் பார்த்தேன். அங்கே எல்லாம் சுத்தம்.

நீ லாகை வாங்கிக்கொண்டு ஸ்டாஃப் ரூமில் சாப்பிடாமல் உட்கார்ந்தாய். உன் போன் பேசுகிற வேகத்தில் எங்களுக்கு ஒரு எழுத்துகூடப் புரியாது. நீ அதில் முதல் வரியிலிருந்து கேட்பாய். மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போகும் வசதி உனக்கு இல்லை. மணியடிக்கப் போகும் நேரத்தில் என்னைக் கூப்பிட்டாய்.

"கடியாரம் தப்பா கீதுன்னு இன்னாவோ சொல்றான். இன்னா அது?"

"அது சும்மா வார்னிங்டி. மஞ்சக் கலர்ல வரும். எரர்னா செவப்பா வரும்."

"எனுக்கு இன்னாத்த மஞ்சளு, இன்னாத்த செவப்பு? எல்லாத்தையும் ஒரே கொரல்லதான் சொல்றான். 'வேலை முழுசா ஆவாம இருக்கலாம்'னு சேத்துச் சொல்றான் பாரு. ஒரு தடவ இல்ல, ஏழெட்டு தடவ. போயி அத மொதல்ல பாரு."

போய்ப் பார்த்தேன். அந்த மெஷினில் தேதி பல வருஷம் பின்னால் கிடந்தது. உள்ளே கடிகாரத்துக்கென்று இருக்கும் வட்ட பேட்டரி செத்துப்போயிருந்தது. நம் மலையில்தான் கரண்ட் போய்ப் போய் வருமே, போகும்போதெல்லாம் தேதி பின்னால் ஓடிவிடும். கம்பைல் செய்யும் கருவி தேதியைப் பார்த்துத்தான் எதை மறுபடி செய்ய வேண்டும் என்று முடிவெடுக்கும். நான் மாற்றியது பழைய தேதியில் பதிவாகியிருந்தது. முந்தைய ஊமைக் கம்பைல் சரியான தேதியில் செய்தது. ஆகவே அதுதான் புதுசு, தொட வேண்டாம் என்று கருவி விட்டுவிட்டது. அந்த மஞ்சள் வரியை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பார்த்துப் பார்த்தே கண்ணில் படாமல் போயிருந்தது.

அந்த வாரக் கடைசியில் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வாட்ச் கடையில் நீயே பேட்டரி வாங்கி, கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்தாய். தேதியைச் சரிசெய்து, பழையதை முழுக்கத் துடைத்துவிட்டு முதலிலிருந்து போட்டோம். மதியம் மூன்று மணிக்கு அது பேசியது. மூக்கடைத்த கண்டக்டர் குரல். நீ கையைத் தூக்கினாய். "எல்லாரும் கம்முனு இருங்க. என் வூட்டுக்காரரு பேச ஆரம்பிச்சுட்டாரு!" கல்யாணமே வேண்டாம் என்று உங்கள் அம்மாவிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தவள் நீ. வேடிக்கை பார்க்க லேபில் கூடியிருந்த டீச்சர்களெல்லாம் சிரித்தார்கள்.

சில வருஷம் அந்தக் குரலோடுதான் உன் வேலையெல்லாம் நடந்தது. பிறகு காய்ச்சல் என்று நாலு நாள் லீவு போட்டு உன் ஊர் தியாகதுருகத்துக்கு இறங்கினாய். ஒன்பதாம் நாள் போன் வந்தது. உங்கள் கல்லறைத் தோட்டத்தில் நான் மண் போட்டேன். உன் அம்மா என் கையை விடவே இல்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் ஆகாது.

இப்போது புது சாருக்காக மெஷினைப் போட்டேன். மொத்த லினக்ஸையும் அப்டேட் செய்ய வேண்டியிருந்தது. செய்ததும் நம் பழைய கம்பைல் உடைந்துபோனது. டெஸ்க்டாப்பின் இன்றைய பதிப்பை எடுத்து மறுபடி ஆரம்பித்தேன். எரர் எங்கே வந்தது தெரியுமா? அதே பேச்சுப் பகுதியில். இப்போது சிக்னல் இருக்கிறது, உட்கார்ந்த இடத்தில் தேடலாம். தேடினால் முதலில் வந்த பதிலே, 'அந்தப் பகுதியை வேண்டாம் என்று போடு, நன்றாக ஓடும்' என்றது. கீழே எத்தனையோ பேர் நன்றி சொல்லியிருந்தார்கள். அவர்களுக்கு ஓடியிருக்கும். நான் அந்தப் பக்கத்தை மூடினேன்.

ஒன்பது நாள் ஆனது. பேச்சை இணைக்கும் லைப்ரரியின் புதிய பதிப்பை முதலில் தனியாகக் கம்பைல் செய்தேன். அதன் பிறகும் 'உன்னிடம் இருப்பது பழசு' என்றே எரர் வந்தது. எனக்கு எரிச்சலில் மண்டை காய்ந்தது. கடைசியில் லாகைப் போனில் ஏற்றி, உன்னைப் போல முதல் வரியிலிருந்து கேட்டேன். உன் வேகத்தில் கால் பங்குகூட என் காது ஓடவில்லை. இரண்டு முறை தூங்கிவிட்டேன், சிரிக்காதே. மூன்றாம் முறை ஒரு வரி மாட்டியது. கம்பைலர் பழைய லைப்ரரி இருக்கும் ஃபோல்டரைத்தான் முதலில் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது. புதுசு இருக்கும் இடத்தை முதலில் பார் என்று ஒரு வரி எழுதிப் போட்டேன். சனிக்கிழமை காலை கம்பைல் எரர் இல்லாமல் முடிந்தது.

முடிந்தது என்று அப்போதும் நான் சொல்லவில்லை. மானிட்டரை அணைத்தேன். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு மெஷினை மறுபடி எழுப்பினேன். யார் என்று பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் லாகின் திரையிலேயே பேசத் தொடங்கியது. அது சொன்ன முதல் வார்த்தை உன் பெயர். உன் அக்கவுண்டை யாரும் எடுக்கவில்லை, நானும் மறந்திருந்தேன். அந்தக் கண்டக்டர் குரலில் உன் பெயரைக் கேட்டதும் வாய்விட்டு அழுதேன். ஆபீஸிலிருந்து ஓடி வந்தார்கள். ஒன்றுமில்லை, வேலை செய்கிறது என்றேன்.

இன்று பத்து மணிக்கு சார் உட்கார்ந்தார். ரொம்பப் பணிவான மனிதர், எல்லாவற்றுக்கும் 'ங்க' போடுகிறார். பத்து நிமிஷம் அம்புக்குறியைத் தட்டிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார்.

"மேடம், இந்த ஓரத்துல ஒண்ணு மட்டும் சத்தம் குடுக்கலீங்க."

திரையின் ஓரத்தில் தேதி காட்டும் காலண்டர். நான் அதைச் சோதிக்கவே இல்லை.

"பரவால்லீங்க மேடம், மீதியெல்லாம் நல்லா பேசுதுங்க. இது இல்லாமலே ஓட்டிக்கலாங்க."

"ஓட்டிக்க வேணாம் சார்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. "எந்த எடத்துல நிக்குதுன்னு மறுபடி ஒருக்கா காட்டுங்க."

அவர் காட்டினார். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். காலண்டர் பகுதியைத் திருத்தி மறுபடி போட்டிருக்கிறேன், பாதி ஆகியிருக்கிறது. லாக் வரிகளை சார் தன் போனில் கேட்டுக்கொண்டிருக்கிறார், நான் உனக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ இல்லாமல் இந்த வேலை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லையடி. ஆனாலும் இவர் வாயால் சரி என்று சொல்லும்வரை இந்த நாற்காலியைவிட்டு எழுந்திருக்க மாட்டேன்.