பூவுக்குக் கட்டிய பை

சித்தியவான், 14.3.1979

அன்புள்ள அம்மாவுக்கு, மகன் சீனி கும்பிட்டு எழுதுவது. நான் சுகம். உங்கள் கால் வீக்கம் வற்றியதா? புந்தோங்கில் மழை உண்டா? இங்கே துளிகூட இல்லை.

ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்த காட்டில் சூரியகாந்தி போட்டுப் பார்க்கிறார்கள். ஒதுங்க நிழல் கிடையாது. "விதை நல்ல வம்சமா இருந்தா மட்டும் பத்தாது, மணி முத்துறப்ப அடிக்கிற வெயிலும் சேந்துதான் எண்ணெய்" என்கிறார் ஆபீசர். வம்சம் கலக்காமலிருக்க, தேனீ அண்டாதபடி ஒவ்வொரு பூவுக்கும் வெள்ளைத் துணிப்பை கட்டியிருக்கிறோம். ஆபீசர் வெயிலைத் தினமும் அளந்து புத்தகத்தில் எழுதுகிறார்.

போன வாரம் என்னோடு வேலை செய்யும் பத்துமலை அண்ணன், தலை சுற்றுகிறதென்று ஒரு பையை அவிழ்த்துத் தலையில் கட்டிக்கொண்டார்.

"பூ கெட்டுப்போச்சு! கழட்டுலா!" என்று ஆபீசர் கத்தினார்.

"பூவுக்குக் கெடைக்குது, எனக்கில்லையா சார்?" என்று சிரித்துக்கொண்டே அண்ணன் கழற்றிக் கொடுத்தார். மத்தியானம் வரிசையிலேயே உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை. மறுநாள் அடக்கம் செய்தோம். அவருக்கு முன்பே ஏதோ நோய் இருந்ததாம். நீங்கள் பயப்பட வேண்டாம்.

ஆபீசர் புத்தகத்தில் அண்ணன் போன அன்றைய பக்கத்தைப் பார்த்தேன். வெயில் முப்பத்தாறு டிகிரி, ஒரு பூ கழிக்கப்பட்டது என்றிருந்தது. வேறொன்றும் எழுதவில்லை.

அவர் வரிசையும் இப்போது எனக்குத்தான். மணி அடித்துவிட்டார்கள், முடிக்கிறேன். தலையில் கட்ட உங்கள் பழைய சேலையில் ஒரு துண்டு கிழித்து பஸ்ஸில் கொடுத்தனுப்புங்கள். வெள்ளை மட்டும் வேண்டாம். நானும் பூவிலிருந்து எடுத்தேன் என்று நினைப்பார்கள்.

சீனி