ஹோர்முஸில் கண்ட ஆடு

ஹோர்முஸ் நீரிணை
14.3.1988

மதிப்புக்குரிய அப்பாவுக்கு, மகன் சந்தியோகு எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டதா? குருநகரில் இப்போது கடலுக்குப் போக விடுகிறார்களா?

இந்த நீரிணை யார் கையில் இருப்பது என்று நாடுகள் சண்டை பிடித்து, கண்ணிவெடிகளை மிதக்க விட்டிருக்கின்றன. மீன்பிடிகாரனின் கண் என்று, எங்கள் எண்ணெய்க் கப்பலின் முன் நுனியில், அணியத்தில், என்னைக் காவலுக்கு விட்டார்கள். முதல் நாளே நான் "கண்ணிவெடி" என்று கத்த, கப்பல் நின்றது. பார்த்தால், ஆடு ஏற்றிப் போகும் கப்பலில் இருந்து எறிந்த, செத்து ஊதிய ஆடு. எல்லோரும் சிரித்தார்கள்.

நேற்றுக் காலை ஒரு மனிதனைக் கண்டேன். முந்தின நாள் எரிந்த கப்பலின் ஆளாக இருக்க வேண்டும். பலகையைப் பிடித்தபடி கை காட்டினான். ஓடிப்போய்ச் சொன்னேன். நின்றால் நம்மையும் அடிப்பார்கள் என்று கப்டனுக்குப் பயம். தொலைநோக்கியால் வடிவாகப் பார்த்துவிட்டு, "ஆடு" என்றார்.

சுக்கான் பிடித்திருந்த பாசையூர் நீக்கிலாப்பிள்ளை அண்ணை என் காதுக்குள் சொன்னார்: "தம்பி, நீயும் ஆடு எண்டு சொல்லு. வேலை போனா என்ன செய்வாய்?"

"ஓம், ஆடுதான்" என்றேன். கப்பலின் பதிவுப் புத்தகத்திலும் அப்படியே எழுதிக் கையெழுத்து வைத்தேன். கடந்து போகும்போது அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நிறுத்தப் போகிறோம் என்று நினைத்திருப்பான்.

அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்ட வேண்டாம். கொஞ்சம் மிளகாய்த்தூள் அனுப்புங்கள், இங்கே சாப்பாடு இறங்குதில்லை. யாகப்பர் கோவிலில் ஒரு பூசை ஒப்புக்கொடுங்கள். யாருக்கு என்று சாமியார் கேட்டால், மகன் அவனுடைய பெயரைக் கேட்டு வைக்கவில்லை என்று சொல்லுங்கள்.

மணி அடிக்கிறது, காவலுக்குப் போகிறேன்.

சந்தியோகு