ஒரு ஸ்பூன் தண்ணீர்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதப் பார்த்தேன். கை வரவில்லை. ஆஸ்பத்திரியில் போனில் பேசினால் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் இவர் காதில் விழும். அதனால்தான் கடிதம்.

இவருக்குப் புற்று வந்த குரல்வளையில் பாதியைத்தான் எடுத்தார்கள். மிச்சத்தை மேலே தூக்கி, நாக்கின் அடியோடு நூல் போட்டுக் கட்டியிருக்கிறாராம் டாக்டர். விழுங்கும்போது நாக்கு அதன்மேல் கவிந்து மூடிக்கொள்ளுமாம். தொண்டைக்கு உணர்ச்சி தரும் நரம்பையும் பத்திரமாக விட்டுவைத்திருக்கிறார். பேச்சும் மிஞ்ச வேண்டும், சாப்பாடும் இறங்க வேண்டும் என்று ஏழு மணி நேரம் நின்று செய்த வேலை. மார்க்கெட்டில் ஏலம் கூவியே பிழைத்த மனிதருக்கு வேறென்ன வேண்டும்?

பேச்சு இன்னும் வரவில்லை, சிலேட்டில் எழுதித்தான் காட்டுகிறார். விழுங்குவதையே புதிதாகப் பழகுகிறார். மூச்சைப் பிடித்து, விழுங்கி, இருமி, மறுபடி விழுங்க வேண்டும். கெட்டியாகக் குழைத்ததுதான் கொடுக்கலாம். தண்ணீர் கூடவே கூடாது, தொண்டை மூடுவதற்குள் நுரையீரலுக்கு ஓடிவிடும் என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னாள். என் மரமண்டையில் ஏறவில்லை. தண்ணீர்தானே, அதைவிட லேசானது எது என்று நினைத்தேன். ஞாயிறு மதியம் உதடு வெடித்துக் கிடந்தவர் கண்ணாலேயே கேட்டார். ஒரு ஸ்பூன் ஊற்றினேன். இருமி இருமி முகம் நீலம் பாரித்துவிட்டது. மறுநாள் காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்தது.

டாக்டர் கேட்டபோது, நான் வாய் திறக்குமுன் இவர் சிலேட்டை இழுத்து "நானே எடுத்துக் குடிச்சேன்" என்று எழுதிவிட்டார். என்னைக் காப்பாற்றுகிறாராம்! வினை அங்கேதான் வந்தது. டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "சொன்னா கேக்காத ஆளும்மா இவரு. இன்னொரு தடவை இப்படி ஆனா உயிர் தங்காது. மிச்சத்தையும் எடுத்துடறதுதான் நல்லது. வெள்ளிக்கிழமை முடிவு பண்ணிடலாம்" என்றார். எடுத்துவிட்டால் பயமில்லாமல் தண்ணீர் குடிக்கலாம். குரல் போனது போனதுதான். இது இவருக்கு இன்னும் தெரியாது.

டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று இவரிடம் சொன்னேன். "சொன்னா உன்னை உள்ள விடமாட்டாங்க. நீ இல்லாம என்னால முடியாது" என்று எழுதிக் காட்டிவிட்டு, உடனே அழித்தார்.

எனக்கு வாய் எட்டு முழம் என்பாயே, அக்கா. டாக்டர் அறை வாசல்வரை இரண்டு முறை போய்த் திரும்பிவிட்டேன். வெட்கமில்லை, பயம்.

வியாழனன்று இது உன் கைக்கு வரும். உடனே போன் போட்டு, சொல்லிவிட்டாயா என்று மட்டும் கேள். இல்லை என்றால், நான் கதவைத் தட்டும்வரை போனை வைக்காமல் திட்டு. இவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நாற்பது நாளாகிறது.

உன் தங்கை