ஐப்பசியில் வந்த பச்சை

ஐப்பசி 12, செவ்வாய். திருப்பதி.

தென்துருவக் கடலில் பனி விலகி நுண்பாசி பெருகுவது மார்கழியில்தான். அதனால் போன இரண்டு வருடமும் நான் சரிபார்க்கும் செயற்கைக்கோள் படத்தில் ஐப்பசியிலேயே தெரிந்த பச்சைத் திட்டைக் கருவியின் பிழை என்று நானே அழித்தேன். இந்த வருடமும் தெரிகிறது. அங்கே கப்பலில் இருக்கும் தோழி இன்று மெயில் அனுப்பினாள். தண்ணீரை எடுத்துப் பார்த்தார்களாம், பாசியேதான். கருவி சரியாகத்தான் இருந்திருக்கிறது.

புத்தூரிலிருந்து போன் செய்த அப்பாவிடம் சொன்னேன்.

"சீக்கிரமா வந்தா நல்லதுதானேம்மா?"

"அதத் துன்ற கூனி இறால் குஞ்சுங்க மார்கழியிலதான் வரும், நைனா. அதுக்குள்ள தீந்துடும்."

"அப்ப அதுங்க வந்து இன்னாத்த துன்னும்?"

போனை வைத்துவிட்டு மறுபடி படத்தைத் திறந்தேன். இந்த வருடத் திட்டை அழிக்கவில்லை. அழித்திருந்தாலும் அங்கே ஒன்றும் மாறியிருக்காது.